எனக்கும் அப்படித்தான்

அவகிட்ட கேக்காதீங்க மிஸ்ஸி, அவளுக்குப் பேச்சு வராது. இப்பத் தேத்தண்ணி வச்சுட்டுப் போனா பாருங்க, அந்தப் பொண்ணத்தான் சொல்றேன். கலும்பாங் பக்கத்துப் புள்ள. ஆமா, தூரந்தான். இங்க சொந்தக்காரங்க வீட்டுல தங்கியிருக்கு, வாரத்துல ரெண்டு நாளு வந்து எனக்கு ஒத்தாசை பண்ணும். காது நல்லா கேக்கும், வாய்தான் இல்ல. காலா? ம், இடது காலு லேசா இழுக்கும். ஆறு வயசுல வாய்க்கா மதகுல விழுந்துட்டா, எலும்பு சரியா கூடல. குடிங்க, ஆறிடும்.

நீங்க சொல்லிக்கிட்டு இருந்தீங்க. வியாழக்கெழம, காலையில எட்டு மணி, பெரிய ஆஸ்பத்திரி கண்ணு வார்டு. தெரியும் மிஸ்ஸி. ரெண்டு தடவ தேதி குடுத்து ரெண்டு தடவயும் ஆளு வரல, அதான் நர்ஸு நீங்களே வீட்டுக்குத் தேடி வந்துட்டீங்க. முன்னாடியெல்லாம் கிளினிக்குல இருந்து கொசு மருந்து அடிக்கத்தான் வருவாங்க. பேரு என்னா சொன்னீங்க, நித்தியாவா? நல்ல பேரு.

அவரு பின்னாடி இருக்காரு. சத்தம் கேக்குதுல்ல, சர்ரு சர்ருன்னு? குலை வெட்டுற அருவா தீட்டுறாரு. செவ்வாக்கெழமன்னா மூணு தோட்டத்து ஆளுங்களும் கொண்டாந்து போட்டுட்டுப் போயிடுவானுங்க. அவரு தீட்டுனாத்தான் கூரு நிக்குமாம். அதுக்குக் கண்ணு எதுக்கு? பெருவெரல வச்சுத் தடவியே சொல்லிடுவாரு, இங்க மழுங்கியிருக்கு, இங்க பல்லு விட்டிருக்குன்னு. இல்ல இல்ல, இப்பக் கூப்புட வேணாம். அந்தச் சத்தம் வர்ற வரைக்கும் நாம பேசலாம். அது நின்னா நானும் நிப்பாட்டிடுவேன், நீங்களும் வேற பேச்சுப் பேசணும். சரியா?

எப்ப இருந்து இப்படின்னு கேட்டீங்கல்ல. அதுக்கு மொதல்ல அந்தக் கண்ணப் பத்தி உங்களுக்குச் சொல்லணும். முப்பத்தோரு வருஷம் செம்பனைத் தோட்டத்துல மண்டோரா, கங்காணியா இருந்தவரு மிஸ்ஸி. மரம் நாப்பது அடி போயிருக்கும், மட்டைக்குள்ள குலை ஒளிஞ்சிருக்கும். கீழ நின்னு அண்ணாந்து ஒரு பார்வ. பழுத்தது ரெண்டு, காயி ஒண்ணு, காயத் தொடாதேன்னுவாரு. மரத்தடியில ஒத்த உதிரிப் பழம் கெடந்தா பத்து வரிசை தள்ளி இருந்தே கண்டுபுடிச்சிடுவாரு. சன்னாசி மண்டோரு வர்றாருன்னா பொம்பளைங்க குனிஞ்ச தல நிமிர மாட்டாங்க. பேரு சொல்லிட்டேன், பரவால்ல, அவருக்குக் கேக்காது.

வீட்டுலயும் அதே கண்ணுதான். சீலையில குத்துற ஊக்கு ஒரு வெரக்கடை இடம் மாறி இருந்தா, யாரு பாக்க இப்படிக் குத்துனேன்னு கேப்பாரு. அரிசியில ஒரு நெல்லு கெடந்தா தட்டு சுவத்துல இருக்கும். நாப்பது வருஷமா அந்தக் கண்ணுக்கு முன்னாடிதான் நான் சோறாக்குனேன், புள்ளையப் பெத்தேன், வளத்தேன். குத்தம் சொல்லல லா. இருந்தத சொல்றேன்.

மொதல்ல வெளக்குக் கம்பந்தான். பைக்குல தஞ்சோங் காராங் போய்ட்டு வந்தவரு, வேலம்மா, ரோட்டோரக் கம்பமெல்லாம் வளைஞ்சு நிக்குதுடின்னாரு. நான் சிரிச்சுட்டேன். இது கம்புட் மண்ணு மிஸ்ஸி, பழைய சதுப்பு, மிதிச்சா மெத்தையாட்டம் அமுங்கும். வர்ற வழியில பாத்திருப்பீங்களே, ஒரு கம்பமாவது நேரா நிக்குதா? செம்பனையெல்லாம் போதையில நிக்கிறவனாட்டம் சாஞ்சு கெடக்கு. இந்த வீட்டையே பாருங்க, சமயக்கட்டு அரை அடி எறங்கிப் போச்சு. தரையில எலுமிச்சம்பழத்த வச்சா தானா உருண்டு பின்வாசலுக்குப் போயிடும். இப்படி ஒரு எடத்துல இருந்துக்கிட்டு ஒரு மனுஷன் கோணலா தெரியுதுன்னா எவ டாக்டருகிட்ட ஓடுவா? பக்கத்து வீட்டு முருகையாகிட்டயும் கேட்டிருக்காரு. அவரும், மண்ணு எறங்குதுண்ணே, எனக்கும் அப்படித்தான் தெரியுதுன்னுட்டாரு. சாயுறது வேற, நடுவுல வளையுறது வேறன்னு எங்களுக்கு யாரு சொன்னா? அதுல யாரு மேலயும் தப்பு இல்ல. சத்தியமா அப்ப எனக்குத் தெரியாது.

பின்னாடி தெரிஞ்சுது.

இனிப்பு நீருக்கு மருந்து வாங்கக் கிளினிக்கு போனப்ப கண்ணையும் பாத்தாங்க. சொட்டு மருந்து விட்டு, வெளிச்சம் அடிச்சு. சின்ன டாக்டரு பொண்ணு, ரொம்பப் பொறுமையா சொல்லுச்சு. ரெண்டு கண்ணுக்குப் பின்னாடியும் மஞ்ச மஞ்சளா பொட்டு படிஞ்சிருக்கு, வயசானா வர்றது, இப்ப மோசம் இல்ல, ஆனா காவல் காக்கணும்னு. அப்பத்தான் அந்த அட்டையக் குடுத்துச்சு. அதேதான், ஐஸ்பெட்டி மேல ஒட்டியிருக்கே, அதான். கட்டம் கட்டமா கோடு, நடுவுல கறுப்பா ஒரு புள்ளி. தெனமும் ஒரு கண்ணப் பொத்திக்கிட்டு மறு கண்ணால அந்தப் புள்ளியப் பாக்கணும். அப்புறம் அந்தக் கண்ணப் பொத்திக்கிட்டு இந்தக் கண்ணால. ரெண்டையும் தொறந்து வச்சுக்கிட்டுப் பாத்தா நல்ல கண்ணு கெட்ட கண்ண மறைச்சிடும். கோடு வளைஞ்சாலோ, நடுவுல அழிச்சு விட்டாப்ல இருந்தாலோ, அன்னிக்கே வரணும், நாளைக்குன்னு தள்ளக்கூடாது. உள்ள புதுசா ரத்தக் குழா மொளச்சுக் கசியுதுன்னு அர்த்தம். சீக்கிரம் வந்தா கண்ணுல ஊசி போட்டு நிப்பாட்டிடலாம். விட்டா தழும்பு விழுந்துடும், தழும்புக்கு மருந்து இல்ல.

பாத்தீங்களா, ஒரு வார்த்த விடாம நாபகம் இருக்கு. அவரு பாதிதான் காதுல வாங்குனாரு. பூராவும் கேட்டது நான்.

புள்ளைங்களா? ஒண்ணே ஒண்ணு. குமுதா. ஜெராம்ல இருக்கா. வேற சாதிப் பையனக் கட்டிக்கிட்டா, சசிகுமாருன்னு, மீன் வாங்கி விக்கிறவன். சொல்லாமத்தான் போனா, சொன்னா விட்டிருப்பாரா? அன்னிக்கு ஒண்ணு சொன்னாரு அவரு. என் கண்ணுல பட்டா வெட்டிப் போட்டுடுவேன்னு. எல்லா அப்பனும் சொல்றதுதான்னு நானும் விட்டுட்டேன். ஆறுன பொறவு சரியாயிடுவாருன்னு.

அப்புறம் ஒரு ஞாயித்துக்கெழம, தஞ்சோங் காராங் பாசாருக்கு ரெண்டு பேரும் போனோம். தீட்டுன அருவாவ ஆளுங்ககிட்ட குடுக்கணும்னு காயிதத்துல சுத்திக் கையோட கொண்டாந்திருந்தாரு. நான் வெங்காயம் பொறுக்கிக்கிட்டு இருக்கேன். பாசாருல என்னா கூட்டம் இருக்கும்னு உங்களுக்கே தெரியும். அந்தக் கூட்டத்துல, மீன் கடைக்கு அந்தாண்ட நின்னவள, எனக்குத் தெரியல மிஸ்ஸி, பெத்தவ எனக்கே தெரியல, அவருக்குத் தெரிஞ்சுது. காயிதம் பிரியிற சத்தத்துலதான் நான் திரும்பிப் பாத்தேன். அவ அப்ப முழுகாம நாலு மாசம். சசி குறுக்க வந்துட்டான். தோள்ல இருந்து முழங்கை வரைக்கும், பத்தொம்பது தையலு. போலீசுகிட்ட அந்தப் பையன் என்னா சொன்னான் தெரியுமா? மீன் வெட்டுற எடத்துல வழுக்கி விழுந்துட்டேன்னான். மாமனாரக் காட்டிக் குடுக்க மாட்டேன்னுட்டான்.

இவரு வீட்டுக்கு வந்து அருவாவக் கழுவி மாட்டுனாரு. சோறு போடுன்னாரு. அடுத்த தடவ கண்ணுல பட்டா குறுக்க எவனும் வர முடியாதுன்னு சொல்லிக்கிட்டே சாப்புட்டாரு.

இருங்க. ... இல்ல, தண்ணி ஊத்துறாரு கல்லுல. இந்தா, மறுபடி ஆரம்பிச்சுட்டாரு.

அதுக்கு ஒம்பதாவது நாளு மிஸ்ஸி. காலையில ஐஸ்பெட்டி முன்னாடி நிக்கிறாரு, வலது கண்ணப் பொத்திக்கிட்டு. வேலம்மா, இங்க வாடி, இந்தக் கோடு உனக்கு நேரா தெரியுதா, எனக்கு நடுவுல வளைஞ்சு வளைஞ்சு தெரியுதேன்னாரு. நான் அடுப்புல இருந்து வந்து பக்கத்துல நின்னேன். பாத்தேன். கோடு கோடாத்தான் இருந்துச்சு, அடிமட்டம் வச்சுப் போட்டாப்ல. அவரு கண்ணப் பாத்தேன். இந்தக் கண்ணுதானே கூட்டத்துல அவளக் கண்டுபுடிச்சுதுன்னு ஒரு நெனப்பு வந்துச்சு. முருகையா சொன்ன வார்த்த அப்படியே வாயில வந்துடுச்சு. எனக்கும் அப்படித்தாங்க தெரியுது, இந்த அட்டை அச்சடிச்சதே கோணல்னேன்.

அவ்வளவுதான். வேற ஒண்ணும் பண்ணல. மருந்த ஒளிச்சு வைக்கல, வெசம் வைக்கல. தெனம் காலையில கேப்பாரு, தெனம் சொல்லுவேன். எனக்கும் அப்படித்தான்.

அப்படிப் பாக்காதீங்க என்னைய.

மூணு மாசத்துல எடது கண்ணு தழும்பாயிடுச்சு. டாக்டருகிட்ட போனப்ப, அட்டையப் பாக்கலியா ஐயான்னு அந்தப் பொண்ணு கேக்குது. பாத்தேன்மா, என் வீட்டுக்காரிக்கும் அப்படித்தான் தெரிஞ்சுது, அட்டைதான் கோணல்னு இருந்துட்டோம்னு இவரு சொல்றாரு. உடனே அது என்னா பண்ணுச்சு தெரியுமா? என்னையும் உக்கார வச்சு, சொட்டு மருந்து விட்டு, என் கண்ணையும் சோதிச்சுது! உங்க கண்ணுக்கு ஒரு கொறையும் இல்லம்மா, சின்னப் புள்ள கண்ணு மாதிரி இருக்குன்னுச்சு. வெளிய வந்தா, உனக்கு என்னா சொன்னாங்கன்னு கவலையா கேக்குறாரு. எனக்கும் லேசா இருக்காம்னு சொன்னேன். அன்னிக்கு பஸ்ஸுல வர்றப்ப என் கையப் புடிச்சுக்கிட்டு வந்தாரு. நாப்பது வருஷத்துல மொத தடவ. நான் சன்னலுக்கு வெளிய பாத்துக்கிட்டே அழுதேன், அவருக்குத் தெரியாது.

வலது கண்ணு இப்ப மூணு மாசமாத்தான். இதுக்கு என்னையக் கேக்கல, முருகையா காருல ஏறி நேரா கிளினிக்குக்குப் போயிட்டாரு. அங்க இருந்து ஆஸ்பத்திரிக்கு எழுதிப் போட்டாங்க, கடுதாசி வந்துச்சு. படிக்கிறது நாந்தானே. தேதி தள்ளிப் போட்டிருக்காங்கன்னு படிச்சேன். ரெண்டாவது வந்துச்சு, அதையும் அப்படியே படிச்சேன். ரெண்டும் அரிசி வாளிக்கு அடியில இருக்கு, வேணும்னா எடுத்துத் தர்றேன்.

தெரியும் மிஸ்ஸி, ஒவ்வொரு வாரமும் கொறஞ்சுக்கிட்டே போகும், போனது வராது. நீங்க சொல்ல வேண்டியதே இல்ல. இப்ப எவ்வளவு தெரியுதுன்னா, எதுக்க நிக்கிற ஆளுக்குத் தலமுடி தெரியும், தோளு தெரியும், மூஞ்சி இருக்க வேண்டிய எடத்துல பொகையாட்டம் இருக்குமாம். போன மாசம் முருகையாவப் பாத்துத் தம்பி யாருப்பான்னு கேட்டாரு. முருகையா வெளிய போய் நின்னு கண்ணத் தொடச்சுக்கிட்டாரு.

என்னா கேட்டீங்க? மூஞ்சியத் திருப்பிக்கிறாரா? ஆமா, ஒரு மாசமா. அந்தப் பொண்ணு சோறு கொண்டாந்து வச்சா செவத்தப் பாத்துக்கிட்டே சாப்புடுறாரு. அவ கூட்டுனா, அவரு சாமி படத்துப் பக்கம் திரும்பிக்குவாரு. நான் பேசுனாலும் அப்படித்தான், சன்னலப் பாக்குறது. மண்டோரு வீம்பு. கண்ணு போகுதேன்னு வெக்கம், வேற என்னா. அத ஏன் எழுதிக்கிறீங்க?

ஊசிக்குப் பயமா? அவருக்கா? எனக்குத்தான் பயம், ஊசிக்கு இல்ல. நான் ஒண்ணு கேக்குறேன், மறைக்காம சொல்லுங்க. வியாழக்கெழம ஊசி போட்டா எம்புட்டுத் தெரியும்? ஆளு மூஞ்சி தெரியுமா? ... எல்லாருக்கும் இல்ல. ஆனா தெரியலாம். சில பேருக்கு நல்லாவே தெரியும். ம்.

அதான் மிஸ்ஸி. அந்தப் பொண்ணு ஊமையில்ல.

வாயத் தொறந்தா கொரல வச்சுக் கண்டுபுடிச்சிடுவாரு, அதுக்குத்தான் பேசாம இருக்கா. முருகையாவ அவருக்கு அடையாளம் தெரியலன்னு ஆனதுமே நான் ஜெராமுக்கு போன் போட்டேன். வாடின்னேன். இந்த வாசப்படிய அவ மிதிச்சு மூணு வருஷம் ஆச்சு. வந்து என்னையக் கட்டிக்கிட்டு அழுதா பாருங்க, சத்தம் வராம அழுதா, வாய்க்குள்ள முந்தானைய வச்சுக்கிட்டு. புள்ளைய அங்க மாமியாகிட்ட விட்டுட்டு வருவா, அது பேச ஆரம்பிச்சுடுச்சு, கூட்டிட்டு வர முடியாது. அப்பாவுக்கு அவ கையால சோறு போடுறா. அவரு எதுக்கவே உக்காந்து சாப்புடுறா. ஒரு எலையில நாங்க மூணு பேரும் இருக்குற மாதிரி இருக்கு எனக்கு. கண்ணுல பட்டா வெட்டுவேன்னாருல்ல, இப்ப வர்றப்பெல்லாம் முன்னாடியே நிக்கிறா, படவே இல்ல. நான் சந்தோசமா இருக்கேன் மிஸ்ஸி, வெக்கமில்லாம சொல்றேன். இந்த ஒரு மாசந்தான் நான் சந்தோசமா இருந்தேன்.

ஏன் பேனாவக் கீழ வச்சுட்டீங்க?

சொல்லுங்க. ... இந்த நோவுல நடுப்பார்வதான் போகும். ம், அது தெரியும். ஓரம் போகாதா? கடைசி வரைக்குமா? ... அப்ப ஒரு ஆளப் பாக்கணும்னா... நேராப் பாத்தா தெரியாது. மூஞ்சிய வேற பக்கம் திருப்பிக்கிட்டு ஓரக் கண்ணால... அவங்களாவே பழகிக்குவாங்களா?

மூஞ்சி முழுசா தெரியாட்டியும் நடை தெரியும். ... பழகுன நடைன்னா.

காலு. அவ காலு. ஆறு வயசுல மதகுல இருந்து அவளத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனதே அவருதானே.

ஒரு மாசமா பாத்துக்கிட்டு இருந்திருக்காரு. செவத்த இல்ல. அவ வச்ச சோத்தத் தின்னுக்கிட்டு அவளப் பாத்துக்கிட்டு இருந்திருக்காரு, ஒரு வார்த்த கேக்கல, கை ஓங்கல. அப்ப நான் எதுக்கு அந்தக் கண்ணக் கெடுத்தேன்? சொல்லுங்க மிஸ்ஸி, படிச்சவங்கதானே நீங்க. ஐயோ.

குடுங்க நீங்க கொண்டாந்த காயிதத்த. எங்க கையெழுத்துப் போடணும், இங்கயா? வியாழக்கெழம நானே கூட்டிட்டு வர்றேன். எட்டு மணிக்கு இல்ல, ஏழுக்கே வந்து உக்காந்துக்கிறேன். பேனாவக் குடுங்க.

இன்னிக்குக் காலையில மிஸ்ஸி, ஐஸ்பெட்டிகிட்ட வந்து நின்னாரு. கண்ணப் பொத்தல. சன்னலப் பாத்துக்கிட்டே, வேலம்மா, கோடு உனக்கு இன்னும் வளைஞ்சுதான் தெரியுதான்னாரு. ரொம்ப நாளா கேக்காம இருந்த கேள்வி. நான் எதுக்க உக்காந்து கீரை ஆஞ்சுக்கிட்டு இருந்தேன். தலையத் தூக்கி அட்டையப் பாக்காமலே, ஆமாங்க, எனக்கும் அப்படித்தான்னேன். கீரை ஆஞ்சு முடிக்கிற வரைக்கும் சன்னலப் பாத்துக்கிட்டே நின்னாரு. அப்புறந்தான் கல்ல எடுத்துக்கிட்டுப் பின்னாடி போனாரு.

சத்தம் எப்ப நின்னுச்சு?

திரும்பாதீங்க. குமுதா, நீ அங்கயே நில்லு. பின்வாசல்ல நிக்கிறாரு மிஸ்ஸி. கையில தீட்டுன அருவா இருக்கு, தண்ணி சொட்டுது. எவ்வளவு நேரமா நிக்கிறாருன்னு தெரியல. இல்ல, இந்தப் பக்கம் பாக்கல. மூஞ்சிய மரத்துப் பக்கம் திருப்பிக்கிட்டுத்தான் நிக்கிறாரு.